பியானோவில் என் பழைய கை

வியாழக்கிழமை, அமாவாசைக்கு முதல் நாள்.

நாளை மதியம் செஞ்சியிலிருந்து வேன். இரவு மேல்மலையனூரில் கச்சேரி. வாதம் வந்து வலது கை தளர்ந்த பிறகு நான் ஏறப்போகும் முதல் மேடை.

மாலையில் டிஜிட்டல் பியானோவை யுஎஸ்பி வயரால் லேப்டாப்பில் இணைத்தேன். போன வருஷம் நான் வாசித்த பாட்டெல்லாம் அதில் மிடி (MIDI) கோப்புகளாகப் பதிவாகியிருக்கிறது. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தமாகத் தொட்டேன் என்பதுவரை இருக்கிறது. அதை ஓடவிட்டதும் பியானோ தானாக ஒலித்தது; என் மனைவி சாந்தி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். எங்கள் குழுவின் பாடகி அவள்தான். கை சரியாகிவிட்டதென்று நினைத்திருக்கிறாள். என் கை மடியில் கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இதையே போட்டுக்கலாம். நீங்க மேல கைய வச்சிக்கினு இருங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

ஒத்திகையில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கூடவே வாசித்தேன். விரல்கள் பின்தங்கித் தப்புச் சுரம் விழுந்தது. மூன்று முறை பாட்டை நிறுத்தினாள்.

"நீங்க அமுக்குனா சத்தம் வராத மாரி பண்ண முடியுமா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

முடியும். பியானோவின் மெனுவில் கட்டைகளின் ஒலியை அணைத்தால் லேப்டாப் அனுப்புவது மட்டும்தான் ஒலிக்கும். நானே அணைத்தேன்.

மறுபடி பாடினாள். நான் எல்லாக் கட்டைகளையும் அழுத்தினேன். பாட்டு பிசகில்லாமல் முடிந்தது.

"இன்னிக்கு நல்லா வந்துச்சிங்க" என்றாள்.

"ம்" என்றேன்.

அவள் தூங்கிவிட்டாள். அணைத்ததை நான் இன்னும் திருப்பிப் போடவில்லை. போட்டால் வாசித்துப் பார்ப்பேன்.