செய்மதி இல்லாத வட்டம்

இன்று காலையும் கடைக்குள்ளிருந்து நீ கூப்பிட்டாய். "அப்பா, வருது. வெளிய வாங்க." போனுக்கு ரீலோட் போட வந்த பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். மேசைக்குப் பின்னால் யாரும் இல்லை. "கொம்பியூட்டர்தான் மிஸ்" என்றேன். அவள் நம்பிய மாதிரித் தெரியவில்லை. நீ செத்துப்போய் இரண்டாவது மழைக்காலம் நடக்கிறது. சில நாட்களில் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

உன்னைக் கூப்பிட வைக்கிற அந்த மென்பொருளை என் கடை இணையத்தில்தான் இறக்கினாய், நினைவிருக்கிறதா? கெம்பஸ் லீவுக்கு றக்வான பஸ்ஸில் வந்து இறங்கி, தலைச்சுற்று அடங்குமுன்னே லெப்டொப்பைத் திறந்துவிட்டாய். திரையில் உலகப் படம். அதன்மேல் செய்மதிகள் புள்ளிகளாக ஊர்ந்தன. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வட்டம். அந்த நேரத்தில் அந்தச் செய்மதிக்குத் தெரிகிற நிலமெல்லாம் வட்டத்துக்குள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான உங்கள் லயத்தைச் சிவப்பாகக் குறித்துவிட்டு, "எவன்டா நம்ம லயத்தை மெப்புல போட்டான்? நான் போடுறேன்" என்றாய்.

எங்கோ மாணவர்கள் செய்து அனுப்பிய சின்னச் செய்மதி ஒன்றின் வட்டம் லயத்தைத் தொடும்போதெல்லாம் மணி அடித்தது. உன் அப்பா அசையவில்லை. ஆயுள் முழுக்கத் தேயிலை ஃபெக்டரிச் சங்குக்கு ஓடிய மனிதர், இனி எந்த மணிக்கும் எழும்ப மாட்டேன் என்றார். அதனால்தான் மணியை எடுத்துவிட்டு உன் குரலைப் பதிந்து வைத்தாய். அதற்கு எழுந்து வந்தார். அளவு டேப்பை வெட்டி நீ செய்த அன்டெனாவைச் சின்ன ரேடியோவில் மாட்டி அவர் கையில் கொடுத்தாய். ரேடியோ இரைச்சலுக்கு நடுவே கீ கீ என்று ஒரு சத்தம் எழுந்து தேய்ந்தது.

"யாருடா பேசுறது?"

"யாரும் இல்லப்பா. நான் இருக்கேன், நான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே போகுது."

"இதுக்கா படிக்கப் போன?" என்று கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு நீ கூப்பிட்டு அவர் வராமல் இருந்ததில்லை.

எலிக்காய்ச்சல் உன்னைச் சட்டென்று கொண்டுபோனது. லெப்டொப் லயத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. நீ கூப்பிடுவாய், அப்பா அன்டெனாவோடு வெளியே வருவார். அவர் தூங்கிவிட்டால் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களே, "மகன் கூப்பிடுறான், எந்திரிங்க" என்று தட்டி எழுப்புவார்களாம்.

பிறகொரு நாள் லெப்டொப்பை உரப் பையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். "தம்பி, இவன் கூப்பிடுறான். வெளிய போனா ரேடியோவுல சத்தம் இல்ல. பாத்துக் குடுங்க."

போனில் தேடினேன். அந்தச் செய்மதி கீழே இறங்கி, காற்றில் உரசி எரிந்துபோயிருந்தது. லயத்தில் இணையம் கிடையாது. மென்பொருள் நீ கடைசியாகப் போட்ட தரவை வைத்தே அதைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது. புதுத் தரவை இறக்கினால் புள்ளி மறையும், வட்டம் மறையும், உன் குரலும் நின்றுவிடும். எனக்குக் கை வரவில்லை. ஆனால் அவரிடம் பொய் சொல்லவும் முடியவில்லை.

"மாமா, அது எரிஞ்சி போச்சி. மேல ஒன்னும் இல்ல."

"அப்ப எதுக்குக் கூப்பிடுறான்?"

"பழைய கணக்கு மாமா. எரிஞ்சது கொம்பியூட்டருக்குத் தெரியாது."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு யாரும் சொல்லல்லயா?"

"இல்ல."

"சொல்லாதீங்க தம்பி."

லெப்டொப் எப்போது நின்றுபோகுமோ என்ற பயத்தில், திருப்பிக் கொடுக்குமுன் எல்லாவற்றையும் கடைக் கொம்பியூட்டர் ஒன்றுக்குப் பிரதி எடுத்தேன். அதை மட்டும் நான் இணையத்தோடு இணைப்பதில்லை. லயத்திலும் கடையிலும் நீ ஒரே நேரத்தில் கூப்பிடுகிறாய்.

இன்று மத்தியானம் அப்பா வந்தார். சிரித்த முகம். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நேத்து சத்தம் வந்திருச்சி தம்பி."

"என்ன சத்தம் மாமா?"

"அதே சத்தம்தான்."

வேறு செய்மதியாக இருக்கும், ரேடியோக் கோளாறாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்த காரணங்களை எல்லாம் சொன்னேன். அவர் சிரித்தபடியே கேட்டார். போகும்போது அன்டெனாவையும் ரேடியோவையும் என் மேசையில் வைத்தார். "நீங்களும் ஒருக்கா கேளுங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்."

மேலே ஒன்றும் இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியுமடா. இருந்தும் பயமாக இருக்கிறது. பின்னேரம் நீ மறுபடி கூப்பிட்டபோது வெளியே போய் மழையில் நின்றேன். அன்டெனாவை வானத்துக்குப் பிடித்தேன். ரேடியோவை மட்டும் போடவில்லை.