உருபில்லாத வீடு

மார்ச் 4, செவ்வாய்
வோலோஸில் காலையிலிருந்தே காற்று. வெளிநாட்டவருக்கான மாலை கிரேக்க மொழி வகுப்புக்கு ‘ஸ்பீத்தி’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். வீடு. எங்கள் பழைய கிரேக்கச் சொல் இல்லை, லத்தீனிலிருந்து வந்தது. அங்கே விருந்தாளி தங்கும் இடம் என்று பொருள். முன்பாதி வாயில் தேய்ந்துபோய், மிச்சம் எங்களுக்கு வீடாகிவிட்டது. ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, நடுப்பால். ‘வீட்டின்’ என்று சொல்ல வந்தால் ‘ஸ்பித்யூ’ — அழுத்தம் கடைசிக்கு ஓடிவிடும்.

அல்பேனியாவிலிருந்து வந்த லிந்தித்தா கேட்டாள்: கடைக்கு, துறைமுகத்துக்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் ‘ஸ்தோ’ என்ற உருபு போடச் சொல்கிறீர்கள், வீட்டுக்குப் போகும்போது மட்டும் ஏன் வேண்டாம்?

சொந்த வீட்டுக்கு வேண்டாம் என்றேன். அடுத்தவர் வீடென்றால் வேண்டும்.

மார்ச் 9
என் கணவன் ஸ்டமாத்திஸ் அழைக்கவில்லை.

மார்ச் 11
அழைத்தான். இங்கே தொழிற்சாலை வேலை போய், அவன் வெளிநாட்டுக்கு, ஷ்டுட்கார்ட்டில் ஓட்டல் சமையற்கட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். “இப்பதான் வேலை முடிஞ்சு ஸ்பீத்தி வந்தேன்” என்றான். ‘ஸ்தோ’ இல்லை. அந்த ஒற்றை ஜன்னல் அறைக்கு! என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டு, போனை வைத்துவிட்டேன்.

எனக்கென்ன பைத்தியமா? ஒரு உருபு விழுந்ததற்கு யாராவது அழுவார்களா? — அழுதேன்.

மார்ச் 13
யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. லிந்தித்தாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“நானும் வந்த மூணாம் மாசமே இங்க இருக்கிற ரூமை போன்ல வீடுன்னு சொல்லிட்டேன் டீச்சர். எங்கம்மா போனை வெச்சுட்டாங்க. அப்புறம்தான் என்ன சொன்னேன்னே எனக்கு உறைச்சுது.”

ஏப்ரல் 20, ஈஸ்டர்
அவனுக்கு லீவு இல்லையாம். இருவர் ஆளுக்கொன்றாக மோதிப் பார்க்க வேண்டிய ஈஸ்டர் சிவப்பு முட்டைகளை நானே ஒன்றோடொன்று மோதி உடைத்தேன். எந்தக் கை ஜெயித்தால் என்ன.

போனில் கேட்டே விட்டேன். “நீ திரும்பி வரமாட்டே, இல்ல ஸ்டமாத்தி?”

“அங்க வந்து என்ன பண்றது, அரெத்தி? நீ வாயேன். கேக்க தைரியமில்லாமத்தான் இத்தனை நாள்...”

மூன்று வருடம். இந்த ஒன்றைக் கேட்க.

ஜூலை 6
ஷ்டுட்கார்ட். பள்ளி விடுமுறை, ஒரு மாதத்துக்கு வந்திருக்கிறேன். அலமாரியில் இரண்டு தட்டு. ஒன்றில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை, எனக்காக வாங்கியிருக்கிறான். ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் ஊரில் போலக் கடல் வாசனை வரும் என்று ஒரு கணம் தோன்றிவிடுகிறது.

ஆகஸ்ட் 8
ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டின் தேதி நேற்று. காலையில் அவன் வேலைக்குப் போனான், நான் துணி துவைத்தேன். காய்ந்ததும் அவன் சட்டைகளுக்குப் பக்கத்தில் என்னுடையதையும் அலமாரியில் மடித்து வைத்தேன்.