உன் சின்ன விசைப்பலகை இப்போது என் மடியில்

அண்ணே,

உன் விசைப்பலகையை இன்று காலை அம்மா என் மடியில் கொண்டுவந்து வைத்தார். விரல் வழுக்காமல் இருக்க விசைகளின் மேல் பொருத்தியிருந்தாயே, துளை போட்ட தட்டு, அதிலிருந்து உன் தைல வாசம் இன்னும் போகவில்லை. "இப்பவே வேணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார். பெரிய விசைப்பலகையின் ஓரத்துக்கு என் கை எட்டவில்லை என்பதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்.

நம் இருவருக்கும் ஒரே தசைநோய். ஆனால் எல்லாம் உனக்குத்தான் முதலில் வந்தது. சக்கர நாற்காலி வந்த அன்று ஃப்ளாட் நடைவழியில் சர்ரென்று ஓட்டிக் காட்டினாய். "பயப்படாத தங்கச்சி, நடக்கிறதவிட இதான் லாஜு லா, செம வேகம்!" அதனால்தான் என் முறை வந்தபோது நான் அழவில்லை.

பிறகு உனக்குத் தோள் போயிற்று. லிட்டில் இந்தியா புடவைக் கடைக்கு வரும் ஆர்டர்களுக்கு நாம் வீட்டிலிருந்தே பதில் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. உள்ளங்கை அகலத்தில் இதை வரவழைத்தாய்.

"கையத் தூக்கவே வேணாம், விரல் அசைஞ்சா போதும். உனக்கும் ஒண்ணு ஆர்டர் பண்ணட்டா?"

"எனக்கு நல்லாத்தான் எட்டுது. வாய மூடுண்ணே."

நீ சிரித்தாய். எப்போது எட்டாமல் போகும் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

இன்று ஒரு வாடிக்கையாளருக்கு நீலப் புடவை இருக்கிறது என்று இதில் அடித்து அனுப்பினேன். உண்மையிலேயே சுலபமாகத்தான் இருக்கிறது. அந்தச் சுலபம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இதற்குப் பின் உனக்கு என்ன வந்தது என்று நான் கூடவே இருந்து பார்த்தவள். விரல் அசைவதும் நின்றது. மூச்சுக்கு முகமூடி வந்தது. "எப்படிண்ணே இருக்கு?" என்று வழக்கம்போலத்தான் கேட்டேன். நீ என்னைப் பார்த்தாய், கண்ணை மூடிக்கொண்டாய். அதற்கு முன் என்னிடம் பதில் சொல்லாமல் நீ இருந்ததே இல்லை.

உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பேனே.

நீ சொன்னதையெல்லாம் பிடித்துக்கொண்டு இந்த விசைப்பலகை வரைக்கும் வந்துவிட்டேன். இதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லி வைக்காமலே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், அண்ணே. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.