எழாத கோடு

அன்புள்ள அக்கா,

அம்மா போனதிலிருந்து உன் கணவர் என்றும் பாராமல் நீ மாமாவோடு பேசுவதில்லையாமே. "காய்ச்சலை மறைச்சுட்டு வீட்டுக்குள்ள வந்தாரு" என்கிறாயாம்.

அவர் மறைக்கவில்லை. நேரே என் ஆய்வகத்துக்குத்தான் வந்தார். மூக்கில் குச்சியை விட்டதும், "விடு மச்சான், மூளையே வந்துடும் போல!" என்று தலையை இழுத்துக்கொண்டார். சிரித்தபடி நானும் விட்டுவிட்டேன்.

போதுமான சளி வந்திருந்தால், தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கருவியின் திரையில் ஒரு கோடு எழும். எழாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். மாமாவுடையதில் எழவேயில்லை. மாமாதானே என்ற மெத்தனத்தில், 'தொற்று இல்லை' என்று கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை நம்பித்தான் அம்மாவுக்குத் தன் கையால் மாத்திரை கொடுத்தார்.

நேற்று அவரிடம் சொன்னேன். "அக்காகிட்ட சொல்லிடாத. பொறந்த வீட்டுல அவளுக்கு மிச்சம் இருக்கறது நீ மட்டும்தான்" என்றார்.

அவரோடு பேசு, அக்கா. என்னோடு வேண்டாம்.

உன் தம்பி