ஜும்மா நேரத்தில வந்த சனம்

மகள்ர வாப்பாக்கு, ஸலாம்.

ஃபோனில சொன்னா அழுதிருவன், அதான் எழுதுறன்.

நம்மட சாறிக் கடையைக் கூகிளில முதலாவதாக் காட்டுறதுக்கு நீங்க பிடிச்ச ஆள், பொய்ப் பேருகள்ள கனக்கப் பாராட்டு எழுதியிருக்கான். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில கடைக்கு வந்து வாங்கினதாவும் எழுதியிருக்கான். எல்லாரும் தொழப் போற அந்நேரம் காத்தான்குடியில எந்தக் கடை திறந்திருக்கும்? ஊரே வாசிச்சுச் சிரிச்சுது. பிறகு கூகிள் நம்மட கடையையே தூக்கிட்டுது. இப்ப பேரைப் போட்டுத் தேடினாலும் காட்டுதில்ல. கொழும்பு ஓடர் முழுக்க நிண்டுட்டுது.

உங்களில கோபமில்ல. கட்டார் வேலையை விட்டுட்டுக் கெதியா வீட்ட வாறதுக்குத்தானே இதைச் செஞ்சீங்க.

உங்களுக்கெண்டு வெள்ளையடிச்ச அறையில விக்காத சாறிப் பெட்டிகளை அடுக்கியிருக்கன். வாப்பா வந்தா எங்க படுக்கிற எண்டு மகள் கேக்குறா.

விசாவை இன்னும் கென்சல் பண்ணல்லதானே?

உங்கட மகள்ர உம்மா