ரெனிதாவுக்கான ஜெபம்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

முழங்கால் வலி குறைந்ததா? வேலப்பன்சாவடி விடுதியில் நான் சுகம்தான்.

ஊழியப் பயிற்சிக்காக நூம்பலில் ஒரு வீட்டுக்குப் போனோம். காய்ச்சலில் கிடந்த ரெனிதா என்ற குழந்தைக்கு ஜெபித்தேன். வாயில் என் பிள்ளை ஆன்சன் பெயரே வந்தது. அவள் அம்மா சிரித்துவிட்டாள். "இன்னா சிஸ்டர், காய்ச்சல் எம் பொண்ணுக்கு. நீங்க யாரையோ குணமாக்கிகினு கீறீங்க!"

இப்படி நடப்பதையெல்லாம் வகுப்பில் சொல்லி, ஏன் நடந்தது என்று நாங்களே யோசிக்க வேண்டும். "அசதி, ஐயா" என்றேன். "அசதி மட்டும்தானாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போதகர் காத்திருந்தார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆன்சனுக்கு இருமல் நின்றுவிட்டதாகப் போனில் சொன்னீர்கள். சொல்லும்போதே பின்னால் அவன் இருமினான், அம்மா. டாக்டரிடம் காட்டுங்கள். இரவு ஜெபத்தில் என் பெயரையும் சொல்ல வையுங்கள், மறந்துவிடப் போகிறான்.

கண் சொருகுகிறது.

உங்கள் மகள்
ஜெயசீலி