வலது பக்கத்து ஸ்பீக்கர்

அத்தா,

கம்பத்துக்குப் போய் லைனிங் துணி வாங்கி வரலாம் என்று இன்று காலை பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பிக்கப் வண்டி நின்றது. அதன் டிரைவர் தன் பக்கத்துக் கதவை விரியத் திறந்து, உள்பக்கத்து அட்டையைக் கழற்றிச் சக்கரத்தில் சாய்த்து வைத்திருந்தார். கதவின் இரும்போடு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துக்கொண்டிருந்தார். வெயிலில் இளகிய கறுப்புப் பசையின் வாசனை சாலையைத் தாண்டி வந்தது. தாரும் ரப்பரும் பழைய தூசியும் கலந்த வாசனை. பேருந்து வந்து, நின்று, போய்விட்டது. நான் ஏறவில்லை.

தாளைக் கிழித்துவிடாதீர்கள், மழைத்தண்ணீர் இறங்கினால் ஸ்பீக்கர் ஊறிப்போகும் என்று அவரிடம் போய்ச் சொல்ல நினைத்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, நினைத்ததோடு சரி.

நீங்கள் நம் பிக்கப் வண்டியை வாங்கிய வருடம்தான் நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். ஓடைப்பட்டியில் திராட்சைப் பெட்டி ஏற்றித் தேனி மார்க்கெட்டில் இறக்குவீர்கள். சில நாட்கள் குமுளிக்கு வாழைத்தார் போகும். கைமாறி வந்த வண்டி என்றாலும் என்ஜினைப் பற்றி உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பாட்டைப் பற்றித்தான். கதவுகளில் கம்பெனி வைத்துக் கொடுத்த ஸ்பீக்கர்கள் கொசு பாடுவதுபோல் இருக்கின்றன என்பீர்கள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதே பேச்சு.

"நான் அடுப்படியில இருந்து கத்துறது காதுல விழல, வண்டியில பாட்டு மட்டும் கணீர்னு கேக்கணுமாக்கும்" என்பாள் அம்மா.

"உன் பாட்டுக்குத்தான் வால்யூம் குறைக்கவே முடியலையே" என்பீர்கள்.

அம்மா கரண்டியை ஓங்குவாள். நீங்கள் வேண்டுமென்றே காது கேட்காத மாதிரி இருப்பதாகத்தான் அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்துச் சிரித்தேன்.

ஒரு நாள் தேனியிலிருந்து புது ஸ்பீக்கர்களைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தீர்கள். மாட்டித் தருவதற்கு மாலைவரை வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னானாம் கடைக்காரன். "நாலு ஸ்க்ரூவக் கழட்ட ஒரு நாளு வேணுமாம்ல! நானும் என் மகளும் மாட்டிக்கிறோம்டானு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றீர்கள். நமக்கு இரண்டு பேருக்குமே அந்த வேலை தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஆரம்பித்தோம். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பி வளையம் கவ்விக்கொண்டிருந்தது. துணியை இடுக்கில் விட்டு இழுத்தால் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இழுத்தீர்கள். டிங்கென்று தெறித்து எங்கோ போய் விழுந்தது. சந்து முழுக்கக் குனிந்து தேடினோம். சாக்கடை ஓரத்தில்கூட விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தோம். கடைசியில் உங்கள் கைலி மடிப்புக்குள் இருந்தது.

அட்டையைச் சுற்றிலும் பிளாஸ்டிக் பொத்தான்கள். நெம்பும்போது ஒன்றிரண்டு உடைந்தன. ஒவ்வொன்று உடையும்போதும் "இது அவசியமில்லாதது" என்றீர்கள். உள்ளே இருந்த பழைய ஸ்பீக்கரின் காகிதம் ஓரத்தில் பிய்ந்து தொங்கியது. "பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று உங்களுக்கு ஒரே சந்தோஷம். உங்கள் கை அந்த ஓட்டைக்குள் போகவில்லை. என் கைதான் போனது. உள்ளே சூடாக இருந்தது. வயரைத் தடவி எடுத்துக் கொடுத்தேன்.

புதியதை வைத்து முறுக்கிவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் பாதியில் இடித்தது. ஸ்பீக்கரின் பின்பக்கத்துக் காந்தம் பெரிது. அது கண்ணாடி இறங்கும் வழியில் நின்றது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். வண்டியில் கிடந்த உடைந்த திராட்சைப் பெட்டியின் பலகையைத்தான் நான் எடுத்து நீட்டினேன்.  நீங்களே புரிந்துகொண்டு, வளையம்போல் அறுத்து, ஸ்பீக்கருக்கு அடியில் கொடுத்து அதை முன்னால் தள்ளி வைத்தீர்கள். கண்ணாடி இறங்கியது. "இவ வாயத் தெறக்க மாட்டா. ஆனா மண்டைக்குள்ள ஒரு பட்டறையே ஓடுது" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். அன்றைக்கு அது போதும் என்றிருந்தது எனக்கு.

இரண்டு கதவும் முடிந்தபின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பாட்டைப் போட்டீர்கள். முகம் சுருங்கியது.

"லெப்ட் நல்லாருக்கு ஆத்தா. இந்தப் பக்கம் செத்துக் கெடக்கு."

வலது கதவைத் திரும்பப் பிரித்தோம். வயரை மாற்றி முறுக்கினோம். அப்படியேதான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி வந்து ஸ்பீக்கர் வயரில் தொட்டேன். டப், டப் என்றது. நன்றாகத்தான் இருந்தது. கடைக்காரன் பழுதானதைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டியபடி, இடது பக்கத்து ஸ்பீக்கரை வலது பக்கத்துக்கும் வலது பக்கத்ததை இடது பக்கத்துக்கும் மாற்றினீர்கள். ஏறி உட்கார்ந்தீர்கள். இப்போதும் இடது பக்கம்தான் நன்றாக இருந்தது. வலது பக்கம் செத்துக் கிடந்தது.

"நீ உக்காந்து பாரு" என்றீர்கள். உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கணீரென்று பாடியது.

"கேக்குதே அத்தா."

நான் இறங்கினேன். நீங்கள் திரும்பவும் ஏறினீர்கள்.  பிறகு உடம்பைத் திருப்பி, இடது காதைக் கொண்டுபோய் வலது கதவின்மேல் வைத்தீர்கள். எடுத்தீர்கள். வலது காதை வைத்தீர்கள். மறுபடியும் இடது காது. மெதுவாக, தூங்குகிற யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி நின்றேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

நிறுத்திவிட்டு இறங்கினீர்கள். தாளைப் பசையோடு அழுத்தி ஒட்டினீர்கள். அட்டையை மாட்டினீர்கள். "ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னீர்கள். கை கழுவும்போதுதான், "அம்மாட்டச் சொல்லிராத. யாருட்டயும் சொல்லிராத ஆத்தா" என்றீர்கள்.

எதற்கு என்று பின்னால் சொன்னீர்கள். தேனியில் காது டாக்டரைப் பார்க்கலாம் என்று நான் திக்கித் திணறிக் கேட்டபோது. "பாப்பாரு. செவிடுன்னு எழுதிக் குடுப்பாரு. அப்புறம் லைசென்ச எவன் புதுப்பிச்சுத் தருவான்? வண்டி இல்லாம நான் யாரு?" டாக்டர் பேச்சை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. 

ஸ்பீக்கர் மாட்டிய அன்று இரவு முழுவதும் எனக்கு ஒரே நினைப்பு. என் படிப்பை நிறுத்துவது என்று பேசிய அன்று நீங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் அண்ணன், என் பெரியத்தா, வலது பக்கம் உட்கார்ந்து, வயசுக்கு வந்த பிள்ளை, இதற்குமேல் எதற்கு என்று அவருக்கே உரிய மெல்லிய குரலில் பேசினார். நீங்கள் தலையாட்டினீர்கள். அவர் பேசியது அன்றைக்கு உங்கள் காதில் விழுந்ததா என்று உங்களிடம் கேட்கலாமா எனப் பல நாள் நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்து, விழுந்தது என்று நீங்கள் சொல்லிவிட்டால்?

அடுத்த வாரமே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டீர்கள். மார்க்கெட்டில் பெட்டி குறைகிறது, எண்ணிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மா குதித்தாள். "கொமரிப் புள்ளைய லாரி செட்டுக்குக் கூட்டிட்டுப் போறாகளாம்! சனம் காறித் துப்பும்." நீங்கள் வலது காதை அவள் பக்கம் காட்டிக்கொண்டு நின்றீர்கள். அன்றைக்கு அதை வேண்டுமென்றேதான் செய்தீர்கள்.

துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன். சாலையில் முந்துகிற வண்டியெல்லாம் வலது பக்கமாகத்தானே வரும். ஹார்ன் கேட்டவுடன் சொல்வதுதான் என் வேலை. பெட்டியை நான் ஒரு நாளும் எண்ணியதில்லை. முதல் நாட்களில் என் குரலே வரவில்லை. சின்னமனூர் தாண்டி ஒரு பேருந்து உரசுவதுபோல் போனது. நான் சொன்னேன், ஆனால் தொண்டைக்குள் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். கோபப்படுவீர்கள் என்று பயந்தேன். "ஆத்தா, நீ பேசுறது எனக்குத்தான் கேக்கல. உனக்காச்சும் கேக்குதா?" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. "பஸ்ஸு!" "லாரி!" "ரெண்டு வருது!" என்று நான் கத்துவது எனக்கே அந்நியமாக இருக்கும். வீட்டில், தெருவில், எங்கும் வராத குரல் அந்தச் சின்ன இடத்துக்குள் மட்டும் வந்தது.

தேனியில் சுமை இறக்குகிறவர் கேட்டார், "என்ன ராவுத்தரே, கிளீனர மாத்திட்டீகளா?"

"ஆமாப்பா. இந்தக் கிளீனர் பீடி கேக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அடுத்த நாளும் ஏறினேன்.

குமுளி ஏற்றத்தில்தான் எனக்கு உயிரே போகும். ஒவ்வொரு வளைவிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து வரும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். உங்களுக்கு ஏதாவது வருமென்றால் அந்த வலது பக்கமாகத்தான் வரும் என்று நம்பியிருந்தேன். என் கவனம் முழுவதும் அங்கேயே இருந்தது. அது உங்கள் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. சாப்பாடு இறங்கவில்லை, கண் மஞ்சளானது. ஈரல் என்றார்கள். தேனியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

முன்னறையில் கட்டிலைப் போட்டார்கள். அறை சிறிது. ஆட்கள் வந்து நிற்க இடம் வேண்டுமென்று உங்கள் இடது பக்கம் சுவரோடு ஒட்டும்படி போட்டார்கள். வாசலோரம் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். மூச்சு மாறியது. பெரியத்தா உங்கள் வலது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குனிந்து, போகிற உயிர் கடைசியாகக் கேட்டுச் சொல்ல வேண்டிய கலிமாவை உங்கள் காதில் சொல்ல ஆரம்பித்தார். அழுதுகொண்டே, மென்மையாக, அவசரப்படுத்தாமல் சொன்னார். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவருக்குத் தெரியாது. அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

நான் கால்மாட்டில் நின்றேன். யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் சொன்னது லைசென்சுக்காக. இனி அது வேண்டாம் என்று எனக்குத் தெரிந்தது. "பெரியத்தா, அந்தக் காது கேக்காது" என்றேன். உதடுதான் அசைந்தது. திரும்பச் சொன்னேன்.

"என்னம்மா? அழுகக் கூடாது. அங்கன உக்காந்து ஓது" என்றார் அவர்.

அம்மாவிடம் சொன்னேன். "அத்தாவுக்கு வலது காது கேக்காதும்மா." அம்மா என்னைப் பார்த்தாள். "இந்த நேரத்துல என்னத்தடி உளறுற?" என்று என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஓதுகிற சத்தம் கூடியது. யாருக்கும் சொல்லிப் புரியவைக்க நேரம் இல்லை. எனக்குச் சொல்லவும் தெரியவில்லை.

அம்மாவின் கையை விலக்கிவிட்டுக் கால்மாட்டிலிருந்து கட்டிலில் ஏறினேன். உங்கள் உடம்புக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலைக் குத்தி நகர்ந்தேன். "ஏ, பாத்து, பாத்து! புள்ளையப் பிடிங்க" என்றது ஒரு குரல். துப்பட்டா தலையிலிருந்து நழுவியது. அதை இழுத்துவிட ஒரு கையும் இல்லை. இடது காதில் வாயை வைத்துக் கலிமா சொன்னேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பது தெரியும். ஆனால் உங்களோடு பேச எனக்குத் தெரிந்த குரல் ஒன்றுதான். அந்தக் குரலில்தான் சொன்னேன். ஓதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பெரியத்தாவும் நிறுத்திவிட்டார். அந்த வீட்டில் என் சத்தம் மட்டும் இருந்தது. திரும்பத் திரும்பச் சொன்னேன்.

உங்கள் உதடு அசைந்தது. நீங்கள் அசைத்தீர்களா, பக்கத்தில் இருந்த என் மூச்சுக்காற்று பட்டு அசைந்ததா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பெரியத்தா உங்கள் கண்களை மூடினார். என்னைத் தூக்கி இறக்கினார்கள். பிள்ளை பதறிவிட்டது என்று சொல்லி யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஏன் ஏறினாய் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

வண்டி இப்போது நம்மிடம் இல்லை. நான் வீட்டில் இருந்து தைக்கிறேன். யாராவது வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன், முன்புபோலவே. ஆனால் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உங்களுக்காக ஓத உட்காரும்போது குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. "மெதுவா ஓதுடி, அடுத்த வீட்டு வரைக்கும் கேக்குது" என்கிறாள் அம்மா. குறைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், அத்தா. முடியவில்லை.